துண்டுக்கும் சேலைத் தள்ளுபடி

கேள்வி: சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை விற்கிறோம். வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் வைத்து ஆன்லைன் கடையும் நடத்துகிறோம். சேலைக்கு 10 சதவீதத் தள்ளுபடி, ₹1,500-க்கு மேல் வாங்கினால் இலவச டெலிவரி, பரிசாக அனுப்புகிறவர்களுக்கு ஒரு டிக் பெட்டி, இந்த மூன்றையும் செய்யும் சிறிய பிளகின் (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) ஒன்றை என் நாத்தனார் மகன் படிக்கும் காலத்தில் எழுதித் தந்தான். இப்போது பெங்களூரில் வேலை, பேசக்கூட நேரமில்லை. போன மாதம் ஹோஸ்டிங்கில், வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஹெச்பி 7.4-ஐ 8.2 ஆக மாற்றினார்கள். அதிலிருந்து கார்ட் பக்கத்தில் 'வார்னிங்: அன்டிஃபைன்டு வேரியபிள்' என்று 47-ஆம் வரியையும் 83-ஆம் வரியையும் காட்டுகிறது. 47-ஆம் வரி சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை. பரிசுப் பெட்டியை டிக் செய்யாமல் சேலையைக் கார்ட்டில் போட்டால் 112-ஆம் வரியில் 'அன்டிஃபைன்டு அரே கீ' என்று சொல்லி வெற்றுப் பக்கமாக நின்றுவிடுகிறது. வேர்ட்பிரஸின் கான்ஃபிக் கோப்பில் பிழைகளைக் கையாளும் டீபக், டீபக் டிஸ்ப்ளே என்ற அமைப்புகள் இரண்டுக்கும் 'ஃபால்ஸ்' கொடுத்தும் போகவில்லை. தெரிந்தவர் ஒருவர், அந்த வரிகளில் @ குறி போட்டால் வார்னிங் மறைந்துவிடும் என்கிறார். போடலாமா? பிளகின் கோப்பை இணைத்திருக்கிறேன். போன தீபாவளிக்கு இலவச டெலிவரி வரம்பை ₹999-இலிருந்து ₹1,500 ஆக்கியதைத் தவிர இதில் யாரும் கை வைக்கவில்லை. அந்தத் தீபாவளியிலிருந்து ஆர்டர் கூடியிருக்கிறது, கூரியர் செலவும் ஏனோ எகிறிவிட்டது. அது வேறு கதை.
– ஒரு வாசகி, சின்னாளப்பட்டி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வார்னிங்கை வாடிக்கையாளர் கண்ணில் படாமல் இன்றைக்கே மறையுங்கள். ஆனால் @ குறி போட வேண்டாம். அதற்கு முன் ஒரு செய்தி: கடைசியில் 'வேறு கதை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கூரியர் செலவு, அது வேறு கதை இல்லை. 83-ஆம் வரியின் கதைதான். வருகிறேன்.

முதலில், இத்தனை வருடம் பேசாமல் இருந்த பிளகின் திடீரென்று ஏன் கத்துகிறது? மாறி என்பது ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்; மதிப்பே கொடுக்காத ஒரு மாறியைப் பயன்படுத்தினால் பிஹெச்பி 7.4 வரை அது வெறும் 'நோட்டீஸ்'. 2020 நவம்பரில் வந்த பிஹெச்பி 8.0 அதை 'வார்னிங்' ஆக உயர்த்தியது. டீபக் ஃபால்ஸ் என்று இருக்கும்போது வேர்ட்பிரஸ் நோட்டீஸ்களை வடிகட்டிவிடும், வார்னிங்குகளை வடிகட்டாது. அதனால் பழைய குறைதான், புதிய பெயரில் சல்லடையைத் தாண்டி வந்துவிட்டது. 8.2 உங்கள் பிளகினைக் கெடுக்கவில்லை, காட்டிக் கொடுத்திருக்கிறது. 7.4-க்கே திரும்பிப் போகலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2022 நவம்பரோடு நின்றுவிட்டது. பணம் வாங்கும் கடைக்கு அது ஆகாது.

நீங்கள் செய்த கான்ஃபிக் மாற்றம் ஏன் பலிக்கவில்லை என்பதும் இதே இடத்தில்தான் இருக்கிறது. டீபக் டிஸ்ப்ளே என்ற அமைப்பை, டீபக் 'ட்ரூ' என்று இருந்தால்தான் வேர்ட்பிரஸ் எட்டியே பார்க்கும். டீபக் ஃபால்ஸ் என்றால், பிழையைத் திரையில் காட்டுவதா வேண்டாமா என்பதை சர்வரின் 'டிஸ்ப்ளே எரர்ஸ்' அமைப்பு முடிவு செய்யும். உங்கள் ஹோஸ்டிங்கில் அது 'ஆன்' ஆக இருக்கிறது போலிருக்கிறது. ஆகவே இப்போதைக்கு டீபக் ட்ரூ, டீபக் டிஸ்ப்ளே ஃபால்ஸ், பிழைகளை எழுதி வைக்கும் டீபக் லாக் என்ற இடத்தில் ஒரு கோப்பின் முழுப் பாதை என்று கொடுங்கள். எடிட் செய்வதை இத்துடன் நிறுத்துங்கள் என்ற பொருளில் ஆங்கிலக் குறிப்பு வரி ஒன்று கான்ஃபிக் கோப்பில் இருக்கும். இந்த மூன்றும் அதற்கு மேலே இருக்க வேண்டும். டீபக் லாக்குக்கு வெறும் 'ட்ரூ' கொடுத்தால் கோப்பு வேர்ட்பிரஸின் கன்டென்ட் ஃபோல்டரில் போய் உட்காரும், முகவரி தெரிந்த யாரும் பிரௌசரிலேயே திறந்து படித்துவிட வாய்ப்புண்டு. அதனால்தான் தளத்துக்கு வெளியே உள்ள ஃபோல்டரின் பாதையைக் கொடுக்கச் சொல்கிறேன்.

இதைச் செய்ததும் அந்த வெற்றுப் பக்கப் பிரச்சினையும் நின்றுவிடும். உங்கள் கடையில் பொருளைக் கார்ட்டில் போட்டதும் கார்ட் பக்கத்துக்குத் தாவும்படி அமைத்திருக்கிறீர்கள். அப்படித் தாவச் சொல்லும் உத்தரவு, பக்கத்தில் ஓர் எழுத்து வெளியாவதற்கு முன்னால் பிரௌசருக்குப் போயாக வேண்டும். வார்னிங் முந்திக்கொண்டு திரையில் விழுந்ததால் உத்தரவு போகவில்லை, வேலையும் அங்கேயே முடிந்துவிட்டது. 'ஹெட்டர்ஸ் ஆல்ரெடி சென்ட்' என்று இன்னொரு வரி கூடவே வந்திருக்கும், பாருங்கள்.

சரி, இனி கோப்புக்கு வருவோம். கீழே மாறிகளின் பெயர்களை நான் தமிழிலேயே எழுதியிருக்கிறேன், உங்கள் கோப்பில் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் எழுதினாலும் பிஹெச்பி ஒன்றும் சொல்லாது, மாறிப் பெயரில் தமிழ் எழுத்துகளை அது ஏற்றுக்கொள்ளும். பலருக்கு இது தெரியாது.

47-ஆம் வரி தள்ளுபடிக் கணக்கு. கார்ட்டில் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் சுழற்சிக்குள், தம்பி எழுதியிருப்பது இவ்வளவுதான்: பொருள் சேலையாக இருந்தால்,

$தள்ளுபடி = $விலை * 10 / 100;

அப்புறம், சேலையோ இல்லையோ, எல்லாப் பொருளுக்கும்,

$மொத்தத்_தள்ளுபடி = $மொத்தத்_தள்ளுபடி + $தள்ளுபடி;

சேலை இல்லை என்றால் $தள்ளுபடி என்ன என்று எங்குமே சொல்லவில்லை. இதில்தான் அந்தச் 'சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை' ஒளிந்திருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் முதலில் ₹200 துண்டையும் பிறகு ₹1,200 சேலையையும் கார்ட்டில் போடுகிறார். துண்டுக்கு $தள்ளுபடி என்ற மாறியே இன்னும் பிறக்கவில்லை. பிஹெச்பி வார்னிங் கொடுத்துவிட்டு அதைச் சுழியமாக எடுத்துக்கொள்கிறது. அடுத்து சேலைக்கு ₹120. மொத்தம் ₹120. சரியான கணக்கு.

இப்போது வரிசையை மாற்றுங்கள். முதலில் சேலை, $தள்ளுபடி ₹120 ஆகிறது. அடுத்தது துண்டு. அதற்குப் புதிதாக எதுவும் கணக்கிடவில்லை, ஆனால் சேலைக்குப் போட்ட ₹120 மாறியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அது மறுபடியும் கூட்டப்படுகிறது. மொத்தம் ₹240. ₹200 துண்டு ₹80-க்குப் போய்விட்டது. மாறிக்கு மதிப்பு இருக்கிறதே, அதனால் வார்னிங் வராது. அதாவது கணக்கு சரியாக இருந்த ஆர்டரில் வார்னிங் வந்தது, கணக்கு தப்பிய ஆர்டரில் ஒன்றுமே வரவில்லை. நீங்கள் பயந்தது நல்ல ஆர்டர்களைப் பார்த்து.

இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். 'மாறிக்கு ஆரம்ப மதிப்பு கொடு' என்பது யாரும் சொல்லும் வைத்தியம். எங்கே கொடுப்பது? சுழற்சிக்கு வெளியே, மேலே, $தள்ளுபடி = 0; என்று போட்டால் வார்னிங் ஓடிவிடும், துண்டு ₹80-க்குப் போவது தொடரும். நானே ஒரு பலகாரக் கடைக்கு இப்படிச் செய்திருக்கிறேன். வார்னிங் போய்விட்டது என்று பில்லும் கொடுத்துவிட்டேன். முறுக்கு பாக்கெட்டை அதிரசத் தள்ளுபடியில் விற்றுக்கொண்டிருந்ததை இரண்டு மாதம் கழித்து அந்தக் கடைக்காரரே கண்டுபிடித்துச் சொன்னார். பில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

$தள்ளுபடி = 0; சுழற்சிக்கு உள்ளே, முதல் வரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளும் சுத்தமான சுழியத்தோடு தொடங்கட்டும். $மொத்தத்_தள்ளுபடி மட்டும் நேர்மாறு, அதற்கு ஆரம்ப மதிப்பு சுழற்சிக்கு வெளியே. உள்ளே போட்டால் ஒவ்வொரு பொருளுக்கும் அழிந்து அழிந்து கடைசிப் பொருளின் தள்ளுபடி மட்டும் மிஞ்சும். இந்த ஒன்றைத் தம்பி ஏற்கெனவே சரியாகத்தான் போட்டிருக்கிறான்.

இனி 83, கூரியர் கதை. கோப்பின் உச்சியில்

$இலவச_வரம்பு = 1500;

என்று அழகாக எழுதியிருக்கிறது. பக்கத்தில் 'இங்கே மட்டும் மாற்றினால் போதும்' என்ற அர்த்தத்தில் குறிப்பு வேறு. கீழே டெலிவரிக் கட்டணத்தை முடிவு செய்யும் ஃபங்ஷனுக்குள் $தொகை >= $இலவச_வரம்பு என்று ஒப்பிட்டிருக்கிறான். பார்த்தால் பிழையே தெரியாது. ஆனால் பிஹெச்பியில் ஃபங்ஷன், அதாவது ஒரு வேலைக்கென்று தனியாக எழுதிய நிரல் பகுதி, கதவைச் சாத்திய அறை. வெளியே வைத்த மாறி உள்ளே தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட் பழகிய பிள்ளைகள் எல்லோரும் இதில் ஒருமுறை மாட்டுவார்கள், ஏனென்றால் அங்கே தெரியும். போன தீபாவளிக்கு 999-ஐ 1500 ஆக்கச் சொன்னபோது, இனி மாற்றுவது சுலபமாக இருக்கட்டும் என்று எண்ணை உள்ளிருந்து மேலே எடுத்து வைத்திருப்பான். நல்ல எண்ணம்தான், கெட்ட இடம்.

அப்படியானால் அறைக்குள் $இலவச_வரம்பு என்ன? ஒன்றுமில்லை, பிஹெச்பி மொழியில் 'நல்'. ஓர் எண்ணை நல்லோடு ஒப்பிடச் சொன்னால் பிஹெச்பி இரண்டு பக்கத்தையும் உண்மை, பொய் என்று மாற்றிவிட்டு ஒப்பிடும். ₹200 உண்மை, நல் பொய், உண்மை பெரியது. எனவே ₹200-க்கு வாங்கினாலும் வரம்பைத் தாண்டியாயிற்று, டெலிவரி இலவசம். ₹1,500 வரம்பு வைத்த நாளிலிருந்து உங்கள் கடையில் வரம்பே கிடையாது. ஆர்டர் கூடியதற்கும் கூரியர் எகிறியதற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஊகத்தை நம்ப வேண்டாம், வூகாமர்ஸ் ஆர்டர் பட்டியலில் தீபாவளிக்குப் பின் வந்த, ₹1,500-க்குக் குறைவான பத்து ஆர்டர்களைத் திறந்து டெலிவரிக் கட்டண வரியைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

திருத்த வழிகள் சில உண்டு. உங்களுக்கு நான் சொல்வது, மாறியை மாறிலி, அதாவது நிரல் ஓடும்போது மதிப்பு மாறாத பெயர், ஆக்கிவிடுங்கள். மேலே இருக்கும் வரியில் $ குறியை எடுத்துவிட்டு முன்னால் 'கான்ஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டால் அது மாறிலி. மாறிலிக்குச் சாத்திய கதவு கிடையாது, எல்லா ஃபங்ஷனுக்கும் தெரியும். 83-ஆம் வரியிலும் $ குறியை எடுக்க மறக்காதீர்கள். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் பிஹெச்பி 8 வார்னிங்கோடு விடாது, தளத்தையே நிறுத்திவிடும். 'குளோபல்' என்று அறிவித்து மாறியை உள்ளே கொண்டுவரும் பழைய வழியும் வேலை செய்யும், ஆனால் அதே பெயரை இன்னொரு பிளகின் வைத்திருந்தால் வரம்பு கடத்தப்பட்டுவிடும். மாறிலிக்கும் கடைப் பெயரை முன்னொட்டாகச் சேர்த்துவிடுவது நல்லது, அதே காரணத்துக்காக.

112 மிகச் சின்ன விஷயம். டிக் செய்யாத பெட்டியைப் பற்றி பிரௌசர் சர்வருக்கு ஒன்றுமே அனுப்பாது. 'டிக் இல்லை' என்றுகூடச் சொல்லாது. வராத ஒன்றை பிளகின் தேடுகிறது. இங்கே இரட்டைக் கேள்விக்குறி சரியான மருந்து: அந்தத் தேடலுக்குப் பின்னால் ?? '' என்று சேர்த்தால், வந்திருந்தால் வந்தது, வராவிட்டால் வெற்று என்று பொருள். பிஹெச்பி 7-லிருந்தே இருக்கிற வசதி. வாடிக்கையாளர் எழுதும் பரிசு வாசகத்தையும் தம்பி அப்படியே எடுத்துச் சேமிக்கிறான். அதை வேர்ட்பிரஸின் 'சானிடைஸ் டெக்ஸ்ட் ஃபீல்ட்' வழியாக அனுப்பிவிட்டுச் சேமியுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பெட்டி வழியாக யாராவது வேறு எதையாவது எழுதிவிட்டுப் போவார்கள்.

இந்த இரட்டைக் கேள்விக்குறியை மற்ற இரண்டு வரிகளிலும் போட்டு ஒரேயடியாக முடித்துவிடலாமே என்று தோன்றும். போட்டுப் பார்ப்போம், காகிதத்தில். 83-இல் $இலவச_வரம்பு ?? 0 என்றால், ₹200 சுழியத்தைவிடப் பெரியது, எல்லோருக்கும் இலவசம் தொடரும். 47-இல் $தள்ளுபடி ?? 0 என்றால் துண்டு முதலில் வரும்போது சுழியம், சேலைக்குப் பின் வரும்போது பழைய ₹120. ஒன்றுமே மாறவில்லை, வார்னிங் மட்டும் செத்துப்போயிற்று. @ குறியும் இதையேதான் செய்யும். பெட்டியை டிக் செய்யாமல் விடுவது வாடிக்கையாளரின் உரிமை, அங்கே 'இல்லை' என்பது நியாயமான பதில். வரம்பு 'இல்லை' என்பது எந்தக் கடையிலாவது பதிலாகுமா? பிஹெச்பி 9-இல் இப்படி மதிப்பில்லாத மாறியைத் தொட்டால் பக்கமே நிற்கும்படி எரர் ஆக்குவது என்று அதை உருவாக்குகிறவர்கள் வாக்கெடுத்து முடிவு செய்திருக்கிறார்கள். மூடி மறைத்து எத்தனை நாள் ஓட்டுவது.

வேலையை நேரடித் தளத்தில் செய்யாதீர்கள். ஹோஸ்டிங்கில் 'ஸ்டேஜிங்' என்று தளத்தின் நகலை எடுக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள், அதில் திருத்திச் சோதித்துவிட்டு மாற்றுங்கள். நகலிலிருந்து வாடிக்கையாளருக்கு மெயில் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அசலென்று நினைத்து யாராவது குழம்புவார்கள். திருத்தும்போது தளம் வெள்ளையாகிப் போனால் பதற வேண்டாம். ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் போய் அந்த பிளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றினாலே வேர்ட்பிரஸ் அதை விட்டுவிட்டு எழுந்துவிடும்.

சோதிக்க நாலு கார்ட் போதும். சேலை முதலில் துண்டு பின்னால், துண்டு முதலில் சேலை பின்னால். இரண்டிலும் தள்ளுபடி ₹120 வர வேண்டும், ஒரு ரூபாய் மாறினாலும் மறுபடி பாருங்கள். மூன்றாவது, வெறும் துண்டு: டெலிவரிக் கட்டணம் விழ வேண்டும். நாலாவது, பரிசுப் பெட்டியை டிக் செய்யாமல் ₹1,500-க்கு மேல் சேலை: கார்ட் பக்கத்துக்குத் தாவ வேண்டும், டெலிவரி இலவசமாக வேண்டும். லாக் கோப்பைத் திறந்து புதிதாக வரி எதுவும் சேரவில்லை என்று பாருங்கள். பிளகின் பெயர் இல்லாமல், தளத்தின் தோற்றத்தைத் தரும் உங்கள் தீம் ஃபோல்டரைச் சுட்டும் அன்டிஃபைன்டு வேரியபிள் வரிகள் வந்தால் அது வேறு நோய். தீம் தனக்கென்று நகலெடுத்து வைத்திருக்கும் வூகாமர்ஸ் டெம்ப்ளேட் பழசாகியிருக்கும். வூகாமர்ஸின் 'ஸ்டேட்டஸ்' பக்கத்தின் அடியில் பழசான டெம்ப்ளேட்டுகளின் பட்டியல் இருக்கும். தீமைப் புதுப்பித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

எல்லாம் முடிந்ததும் டீபக்கை ஃபால்ஸ் ஆக்குங்கள். கூடவே ஹோஸ்டிங் பேனலின் பிஹெச்பி அமைப்பில் டிஸ்ப்ளே எரர்ஸை 'ஆஃப்' செய்யுங்கள், இல்லையென்றால் அடுத்த வார்னிங் மறுபடி வாடிக்கையாளர் முகத்தில்தான் விழும்.

ஒரு முடிவு மட்டும் நீங்கள் எடுக்க வேண்டியது. டெலிவரிக் கட்டணம் திரும்ப வந்ததும், இத்தனை நாள் இலவசமாக வாங்கிப் பழகியவர்கள் கேட்பார்கள், சிலர் போய்விடவும் கூடும். கூடிய விற்பனையில் எவ்வளவு அந்த இலவசத்தால் வந்தது, கூரியருக்கு எவ்வளவு போயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, வரம்பு 1,500-ஆ, 999-ஆ, வேறெதுவுமா என்று தீர்மானியுங்கள். எண் எதுவானாலும் அதை மாற்ற இனி தம்பியைத் தேட வேண்டியதில்லை, மேலே ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அவனை ஃபோனில் பிடித்துத் திட்டிவிடாதீர்கள். படிக்கும் பையன் எழுதியது இத்தனை வருடம் ஓடியிருக்கிறது, அந்தத் தீபாவளி மாற்றத்தைத் தவிர இடையில் யாரும் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பத்து ஆர்டர்களில் என்ன இருந்தது என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.